மதகில் இருந்த ஆடு

பதினோரு வயதில் நான் ஒரு பொய் சொன்னேன். எதிர்வீட்டுக்காரன் சரியாகச் சொன்ன ஒன்றைத் தப்பு என்று சாதித்தேன். ஊர் என்னை நம்பியது. அது போதாதென்று கடைசியில் அவனும் என்னை நம்பிவிட்டான். தன் ஞாபகம் பழுதாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டே அவன் கிழவனானான். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி, ஓய்வு பெற்று, உத்திரமேரூரில் வீடு கட்டிக் குடியேறினேன். நடுவில் அவனை நினைத்த நாட்கள் உண்டு. நினைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்தேன்.

ஊரடங்கு வராமல் இருந்திருந்தால் அப்படியே போய்ச் சேர்ந்திருப்பேன்.

என் வயதுக்காரர்களான உங்களுக்கு அந்தக் கோடையை விளக்க வேண்டியதில்லை. பத்திரமாக வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லி எல்லாரும் நம்மை மூலையில் வைத்தார்கள். பிஸ்கட் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். கத்தரிக்காயை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டினோம். என் மகள் சென்னையிலிருந்து தினமும் வீடியோவில் வருவாள். கபசுரக் குடிநீர் குடித்தேனா என்று கேட்டுவிட்டு, காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வாள். பெற்ற பிள்ளைக்கு டம்ளர் கவிழ்த்துக் காட்டும் அப்பனாக நான் ஆவேன் என்று நினைத்ததில்லை. மனைவி போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அவள் இருந்திருந்தால் டம்ளரைப் பிடுங்கி மருந்தைச் செடிக்கு ஊற்றியிருப்பாள்.

யாரையாவது கூப்பிட்டுப் பேசலாம் என்றால், எண்ணை அழுத்தியதும் காதில் முகம் தெரியாத ஒருவர் இருமுவார். அரசாங்க எச்சரிக்கை. அவர் இருமி முடித்து, கை கழுவச் சொல்லி முடித்து, மணி அடிப்பதற்குள் பேச வந்த விஷயம் போய்விடும். எடுத்தவர்களும் என்ன பேசினார்கள்? "சாப்டாச்சா? பத்திரமா இருங்க." அவ்வளவுதான். என்னால் ஆக வேண்டிய காரியம் என்று உலகத்தில் ஒன்றும் மிச்சமில்லை. நான் உள்ளேயே இருப்பதுதான் நான் செய்யக்கூடிய ஒரே சேவை என்று தொலைக்காட்சி தினமும் சொன்னது.

"நான் என்ன ஊறுகாயா, மூடி போட்டு வைக்க?" என்று மகளிடம் ஒரு நாள் கத்தினேன்.

"அப்பா, டென்ஷன் ஆகாதீங்க. ஏதாவது ஹாபி வெச்சுக்கோங்க" என்றாள்.

போனை வைத்த ஆத்திரத்தில் பழைய தினசரி காலண்டர் அட்டையைக் குப்பைக்கு எடுத்தேன். அதன் முதுகில் பேனாவால் கிறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், உச்சியிலிருந்து விரிந்து இறங்கும் கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் படுக்கைக் கோடுகள். ஆடுபுலி ஆட்டக் கட்டம். எனக்குத் தெரியாமலே என் கை அதை வரைந்திருந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பெயர் உண்டு என்பதும் ஞாபகம் வந்தது. அந்தப் பெயர்களை என்னைத் தவிர இன்னும் ஒருவன்தான் அறிவான்.

எங்கள் கிராமம் ஏரிக்கரையை ஒட்டிய ஒரே தெரு. என் வீட்டு வாசற்படியில் நின்று கொஞ்சம் உரக்கப் பேசினால் எதிர்வீட்டு ஜன்னலுக்குக் கேட்டுவிடும். முழுப்பரீட்சை முடிந்த சித்திரையில் எதிர்வீட்டுக்காரனுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலைக் கொத்து செருகிவிட்டார்கள். அப்புறம் அந்த வீட்டுக்குள் வெளியாள் போகக்கூடாது, அந்த வீட்டார் இன்னொரு வாசலை மிதிக்கக்கூடாது. கடுகு தாளிக்கும் வாசனைகூட அங்கிருந்து வராது. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அப்படித்தான்.

அவன் ஜன்னலோரம் வேப்பிலை பரப்பிய வெள்ளைத் துணியில் கிடந்தான். சொறிந்துவிடாமல் இருக்க அவன் அம்மா அவனுடைய இரண்டு கைகளையும் பழைய வேட்டித் துணியால் சுற்றிக் கட்டியிருந்தாள். கண்ணிமையிலும் கொப்புளம். பகல் வெளிச்சம் ஆகாது என்று கண்மேல் ஈரத்துணி. தெருவில் வேறு பையன்கள் இருந்தார்கள். ஆனாலும் அவன் இல்லாமல் எனக்குப் பொழுது போகவில்லை. அவனுக்கும் அப்படித்தான்.

ஒரு மணைப் பலகையின் அடிப்பக்கத்தில் நாங்கள் இருவரும் ஆணியால் கீறி வைத்த கட்டம் எங்கள் வீட்டில் இருந்தது. உங்களுக்குத் தெரிந்த ஆட்டம்தான். புலி மூன்று. ஆடுகளை ஒன்றொன்றாக இறக்க வேண்டும். ஓர் ஆட்டுக்குப் பின்னால் இருக்கும் புள்ளி காலியாக இருந்தால் புலி அதைத் தாண்டி வெட்டும். பின்னால் இன்னோர் ஆடு நின்றால் வெட்ட முடியாது. புலிகள் நகர வழியில்லாமல் அடைத்துவிட்டால் ஆடு ஜெயித்தது. ஆடுகளுக்குப் புளியங்கொட்டை. புலிகளுக்கு, உடைந்த சோடா பாட்டிலிலிருந்து எடுத்த மூன்று கோலி. பச்சை நிறத்தில், வெயிலில் பிடித்தால் உள்ளே ஒரு நீர்க்குமிழி தெரியும். மணையும் கோலியும் எங்கே போயின என்று தெரியவில்லை. மணை யாருடைய அடுப்பிலோ எரிந்திருக்கும்.

பலகை என் மடியில், ஆட்டக்காரன் தெருவுக்கு அந்தப் பக்கம். எந்த இடத்தில் எந்த ஆடு என்று எப்படிச் சொல்வது? அவன்தான் வழி கண்டுபிடித்தான்.

"ஊரையே வெச்சிடுடா. உச்சி கோபுரம். அதுக்குக் கீழ கலங்கல், மதகு, பள்ளிக்கூடம், ரைஸ் மில்லு. அப்பால பனந்தோப்பு, களத்துமேடு. கடேசி மூல சுடுகாடு."

இப்படியாக ஏரியும், நீர் திறக்கும் மதகும், மிஞ்சிய நீர் வழியும் கலங்கலும், தெருவும் பலகையில் ஏறின. அவன் கிடந்த இடத்திலிருந்தே கத்துவான். "ஒரு ஆடு மதகுல எறக்கு!" நான் திருப்பிக் கத்துவேன். "என் புலி சுடுகாட்டுக்குப் போவுது!"

முதல் நாளே அவன் அம்மா விளக்குமாற்றோடு வாசலுக்கு வந்துவிட்டாள். "டேய், அம்மா எறங்கிக்கீற வூட்டு முன்னாடி இன்னாடா பேச்சு, சுடுகாடு கிடுகாடுன்னு? பல்ல ஒடச்சிடுவேன்!"

உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. "சரிம்மா, சரி. டேய், இனிமே அது மாமியார் வூடு. உன் புலி எங்க போவுது?"

"என் புலி மாமியார் வூட்டுக்குப் போவுதுடா!"

அவன் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

தினமும் அவன்தான் ஆடு, நான் புலி. தினமும் நான் தோற்றேன். பலகையைப் பார்த்துக்கொண்டே தோற்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, காய்ச்சலோடு ஜெயித்தான். இதைத் தெருவே கேட்டது. மாடு ஓட்டிக்கொண்டு ஏரிக்குப் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். "படுத்துக்கினே அடிக்கிறான்டா உன்ன!" என்று சிரித்தார்கள். என் அப்பா அப்போது ஊர் மணியக்காரர். அவரை நைனா என்று கூப்பிடுவோம். ஒரு நாள் சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றாமல் என் பின்னால் நின்று முழு ஆட்டத்தையும் பார்த்தார்.

"பலக உங்கிட்ட கீது. புலி உங்கிட்ட கீது. கண்ணு உங்கிட்ட கீது. ஜெயிக்கறதுக்கு இன்னும் இன்னாடா வேணும் உனக்கு?"

அடித்திருந்தால் மறந்திருப்பேன். மறுநாள் ஆட்டம் பாதியில் இருக்கும்போது, மதகிலிருந்த புளியங்கொட்டையை விரலால் கலங்கலுக்குத் தள்ளினேன். ஒரு விரல் அகலம்கூட இல்லை. சத்தமும் இல்லை.

"என் புலி, பள்ளிக்கூடத்து ஆட்டத் தாண்டி மதகுல எறங்குது. ஒன்னு காலி" என்று கத்தினேன்.

ஜன்னலில் ஈரத்துணி போட்ட முகம் என் பக்கம் திரும்பியது. பிறகு, "மதகுல என் ஆடு கீதுடா. நீ தாண்ட முடியாது."

"மதகு காலி. ஆடு கலங்கல்ல கீது."

"கலங்கல்ல நான் வெக்கவே இல்லடா."

"இங்க வந்து பாரு."

அவன் எப்படி வந்து பார்ப்பான்? இருந்தும் எழுந்தான். கண்மேல் இருந்த துணி விழ, கட்டிய கைகளால் ஜன்னல் கம்பியைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டு, "கீதுடா, மதகுல கீதுடா" என்று அழுதான். அவன் அம்மா ஓடி வந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் தலைமை ஆசிரியர் சைக்கிளில் வந்தார். நல்ல மனிதர். எதிர்வீட்டுக்காரனை உத்திரமேரூர் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று அவன் அப்பாவிடம் வாதாடி ஒப்புக்கொள்ள வைத்தவர் அவர்தான். என்னைச் சேர்ப்பதில் வாதமே கிடையாது, நான் மணியக்காரர் மகன்.

அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு என் பலகையைப் பார்த்தார். மதகு எது, கலங்கல் எது என்று கேட்டார். காட்டினேன். என் விரல் நடுங்கவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"மதகுல ஒண்ணும் இல்லியே, தம்பி" என்று ஜன்னலைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

அவன் இன்னும் பெரிதாக அழுதான். அவர் தெருவில் நின்றபடியே, பதின்மூன்றாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். அவன் விக்கி விக்கிச் சொன்னான். பாதியில் தடுமாறினான். காய்ச்சலில் கிடக்கிற, அழுதுகொண்டிருக்கிற, பொய்யன் என்று ஆக்கப்பட்ட ஒரு பையன் வாய்ப்பாட்டில் தடுமாறாமல் வேறென்ன செய்வான்? அதை யாரும் யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "சூடு தலைக்கு ஏறிப்போச்சி. பாவம், நல்லா படிக்கிற பய."

ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தால் மறந்துபோயிருப்பார்கள். நான் நிறுத்தவில்லை. இப்போது அது சுலபமாக இருந்தது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் ஓர் ஆட்டை நகர்த்தினேன். அவன் முதலில் சண்டை போட்டான். அப்புறம் தயங்கினான். கடைசியில் ஒவ்வொரு முறையும் என்னையே கேட்க ஆரம்பித்தான். "மதகுல கீதா? நீ பாத்து சொல்லு." நான் பார்த்துச் சொன்னேன். நான் ஜெயித்தேன். நைனா ஒரு நாள் என் தலையைத் தட்டிவிட்டுப் போனார்.

தண்ணீர் ஊற்றிய பிறகு அவன் முதன்முதலாக வெளியே வந்தான். முகம் முழுவதும் தழும்பு. ஏரிக்கரையில் என்னைத் தனியாகப் பிடித்துக் கேட்டான்.

"மெய்யாலுமே நான் தப்பாவா சொன்னேன்?"

"ஆமா" என்றேன்.

அவ்வளவுதான். இதைவிடப் பெரிய பொய்யை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை. ஒரே வார்த்தை.

கொஞ்ச நாளைக்குப் படிப்பு வேண்டாம், மூளைக்கு ஓய்வு கொடுங்கள் என்று தலைமை ஆசிரியர் அவன் அப்பாவிடம் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்த ஓய்வு எருமை மேய்ப்பதாக மாறியது. ஆனி மாதம் நான் மட்டும் உத்திரமேரூருக்குப் பஸ் ஏறினேன். கரைமேல் எருமைகளோடு நின்றவன் கையை ஆட்டினான். நான் திரும்ப ஆட்டினேனா என்று ஞாபகம் இல்லை.

இப்போது அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் கல்யாணமாகி, சாலவாக்கம் பக்கம் ஒரு கிராமத்தில் பெண்டாட்டி வீட்டோடே தங்கிவிட்டான் என்பது தெரியும். அவன் மகன்தான் இங்கே உத்திரமேரூரில் எங்கள் தெருவுக்குப் பால் வண்டி ஓட்டி வருகிறான் என்பதும் தெரியும். தெரிந்தும் அவனிடம் பாலைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. மறுநாள் காலை நம்பர் கேட்டேன். முகக்கவசத்துக்குள்ளிருந்து சொன்னான்.

இருமல் முடிந்து மணி அடித்தது.

"யாரு?"

"நான்தான்டா. எதிர்வீட்டுக்காரன்."

"எந்த எதிர் வூடு? எனக்கு ஞாபகம் கொஞ்சம் மட்டுங்க. நீங்களே சொல்லிடுங்க."

யாரிடம் பேசினாலும் அவன் முதலில் சொல்கிற வாக்கியம் அது என்று பிறகு தெரிந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், "என் புலி மாமியார் வூட்டுக்குப் போவுது" என்றேன்.

வைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

"எலேய்!" என்று கத்தினான். "மணியார் மவனா? இன்னும் சாவலியா நீ?"

"கொரோனா வரட்டும்னு காத்துக்கினு கீறேன்."

அன்றே ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. அவன் மாடுகளை வற்றிய ஏரி உள்வாயில் மேயவிட்டுக் கரையில் உட்கார்ந்திருப்பான். நான் காலண்டர் அட்டையோடு இங்கே இருப்பேன். புளியங்கொட்டை சமையலறையில் கிடைத்தது. புலிக்குப் பேனா மூடிகள். தினமும் சாயங்காலம் நான்கு மணி. அந்த நான்கு மணிக்காகக் காலையில் முகச்சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தேன். போனில் பேசுவதற்கு எதற்குச் சவரம் என்று மகள் கேட்டாள். டம்ளரை நானாகவே கவிழ்த்துக் காட்டினேன்.

ஆட்டத்துக்கு நடுவே அவன் தன் வாழ்க்கையைச் சொன்னான், வெகு சாதாரணமாக. அவன் பெண்டாட்டி அவனைத் தனியாகச் சந்தைக்கு அனுப்புவதில்லை. ஏரிப் பாசனத்துக்காரர்கள் ஒருமுறை, யாருடைய நிலத்துக்கு எப்போது தண்ணீர் முறை என்று பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவனைக் கேட்டார்களாம். "எனக்கு ஞாபகம் பத்தாதுப்பான்னு சொல்லிட்டேன். யாராண்டயாவது அடி வாங்கிக்கினு நிக்கறதா?" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே, பலகை இல்லாமல், மாட்டை அதட்டிக்கொண்டே, பெட்டிக்கடைக்காரனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே என்னைத் தோற்கடித்தான். அத்தனை ஆடும் அத்தனை புலியும் அவன் தலைக்குள் இருந்தன. அது அவனுக்கே தெரியாது என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. யார்மேல் எரிச்சல் என்று தெரிந்திருந்தும் அவன்மேல் எரிந்து விழுந்தேன். "வாய மூடிக்கினு ஆடுடா!"

அப்படி ஒரு நாள் மின்விசிறிக் காற்றில் அட்டை ஆடியது. நான் கவனிக்கவில்லை.

"என் புலி மதகுக்கு வருது" என்றேன்.

"மதகுல என் ஆடு ஒன்னு..." என்று ஆரம்பித்தவன் உடனே நிறுத்திக்கொண்டான். "வுடு, வுடு. நீ பலகைய வெச்சிக்கினு கீற. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

குனிந்து பார்த்தேன். ஒரு புளியங்கொட்டை என் காலடியில் கிடந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். எழுபது வயதுக்கு மேலே, சாவுச் செய்தி தினம் வரும் நாட்களில், கையில் புளியங்கொட்டையோடு உட்கார்ந்துகொண்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ம்" என்றேன். சொன்னால் நாளைக்கு நான்கு மணிக்குப் போன் வராது. அந்தப் பயம். அன்று நான் ஜெயித்தேன்.

சில நாட்கள் அப்படியே ஓடின. சோறு இறங்கவில்லை. மகள் காய்ச்சலா என்று வெப்பமானி வைக்கச் சொன்னாள். கடைசியில் ஒரு நாள் அட்டையை விரிக்காமலே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அம்மை போட்ட சித்திரை, மதகு, கலங்கல், என் விரல், எல்லாவற்றையும். போன வாரத்துக் கொட்டையையும் சேர்த்துத்தான். நீ ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லவில்லை என்றேன். உன் ஞாபகத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை என்றேன்.

மாட்டுக் கழுத்து மணி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் தப்பா சொல்லல" என்றான். கேள்வியாகக் கேட்கவில்லை.

"இல்லடா."

"நான் வூட்டாண்ட போறேன். வெக்காத. இரு."

நடந்து போகும் சத்தம். கதவுச் சத்தம். "ஸ்பீக்கர்ல போட்டுக்கிறேன். என் பொண்டாட்டி கீறா. இப்ப எங்கிட்ட சொன்னத அவளாண்ட சொல்லு. ஒன்னு வுடாம சொல்லு."

முன்பின் பார்க்காத ஒரு பெண்ணிடம் முதலிலிருந்து சொன்னேன். முடித்த பிறகுதான் கேட்டாள்.

"ஏங்க, படிச்சவருதான நீங்க?"

"ஆமாம்மா."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த ஆள நான் கையில புடிச்சிக்கினு நடத்தறேன். என் மாமியா சாவும்போதுகூட, எம் புள்ளைக்கு ஞாபகம் பத்தாது, வுட்டுடாத தாயின்னு எங்கையப் புடிச்சிக்கினு செத்தா. இப்ப வந்து ஒன்னுமே இல்லன்றீங்க." குரல் அவன் பக்கம் திரும்பியது. "அப்ப தெனம் கொடைய எங்கனா வுட்டுட்டு வர்றது?"

"மழ நின்னா கொட யாருக்குடி ஞாபகம் இருக்கும்?" என்று பின்னாலிருந்து அவன் உரக்கச் சொன்னான். அந்தச் சித்திரைக்குப் பிறகு தன் ஞாபகத்துக்காக அவன் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு போன் அருகே வந்தான்.

"என் பசங்களாண்ட நான் சொல்லிக்கிறேன். அந்த வாத்தியாரு செத்துட்டாரு, உங்க நைனா செத்துட்டாரு. எங்கம்மா செத்துட்டா. அவங்களாண்டல்லாம் யாரு போய் சொல்றது? நீ போய் சொல்லுவியா?"

வைத்துவிட்டான்.

அடுத்த நாள் நான்கு மணிக்குப் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான் கூப்பிட்டால் இருமல் கேட்கும், மணி அடிக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். பால் வண்டிக்காரன் என் பாத்திரத்தில் பாலை ஊற்றிவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் போனான்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் காலண்டர் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, பழைய மொபெட்டை உதைத்துக் கிளப்பினேன். கூட்டு ரோட்டில் போலீஸ்காரர் நிறுத்தினார். "பெரியவரே, இந்த வயசுல எங்க?" மருந்து வாங்க என்றேன். ஒரு பொய்க்கு மன்னிப்புக் கேட்கப் போகும் வழியில் இன்னொரு பொய்.

அவன் ஊருக்கு நுழையும் இடத்தில் வேலிகாத்தான் முள்ளை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். இரண்டு இளைஞர்கள் காவலுக்கு நின்றார்கள். வெளியூர் ஆளுக்கு அனுமதி இல்லை என்றார்கள். அவன் பெயரைச் சொன்னேன். யாரோ போய்ச் சொல்ல, கொஞ்ச நேரத்தில் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு அவன் வந்தான். முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்றான். எங்கள் பழைய தெரு அளவு தூரம்தான் இருக்கும். துண்டுக்கு மேலே தழும்புகள் தெரிந்தன.

என்ன பேசுவதென்று பல மைல் யோசித்து வந்திருந்தேன். எல்லாம் போய்விட்டது. அட்டையை எடுத்துக் காட்டினேன்.

"அங்கியே வெச்சிட்டு போ" என்றான்.

முள் ஓரத்தில் தரையில் வைத்து, பறக்காமல் இருக்க ஒரு கல்லையும் வைத்தேன். கொட்டைகளையும் பேனா மூடிகளையும் கைக்குட்டையில் முடிந்து பக்கத்தில் வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை. நான் மொபெட்டைத் திருப்பும்போது, "பாத்து போ, வழில ஸ்பீடு பிரேக்கரு கீது" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் நான்கு மணிக்குப் போன் அடித்தது.

"பலகைய வெயில்ல போட்டு எடுத்துட்டேன். கிருமி செத்திருக்கும். இனிமே அது எங்கிட்டதான் இருக்கும். நான் பாத்து ஆடுவேன். நீ பாக்காம ஆடு. நீ ஆடு, நான் புலி."

"என்னால முடியாதுடா. வயசாயிடுச்சி."

"எனக்குக் காய்ச்சல் இருந்துச்சி. கையக் கட்டிப் போட்டிருந்தாங்க. நான் ஆடல?"

ஆடினேன். இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறேன். ஊரடங்கு போய்விட்டது, முள்ளை எடுத்துவிட்டார்கள், டவுன் பஸ் ஓடுகிறது. அவனிடம் போய் உட்கார்ந்து ஆடலாம். அவன் வேண்டாம் என்கிறான். போனில்தான் ஆட வேண்டுமாம், அட்டை அவனிடம்தான் இருக்க வேண்டுமாம். இந்த வருடம் அவன் ஊர் ஏரித் தண்ணீர் முறையை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். சண்டை வந்தால் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அவன் மகன் பால் ஊற்றிக்கொண்டே குறைபட்டான். மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தினமும் தோற்கிறேன்.

நேற்று சாயங்காலம் நன்றாக யோசித்து, நிதானமாக, மதகில் ஓர் ஆட்டை இறக்கினேன். அப்புறம் பள்ளிக்கூடத்தில் ஒன்று. இரண்டு புலி நகர்வுக்குப் பிறகு அவன் சொன்னான்.

"பள்ளிக்கூடத்து ஆட்டத் தாண்டி மதகுல எறங்குறேன். ஒன்னு காலி."

"மதகுல என் ஆடு இருக்குமேடா."

"மதகு காலி. வேற எங்கியோ வெச்சிக்கீற நீ."

கண்ணை மூடிப் பார்த்தேன். கோபுரம் தெரிந்தது, பனந்தோப்பு தெரிந்தது. மதகில் ஒரு கொட்டை இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. அந்தப் பக்கம் அவன் பெண்டாட்டி எதற்கோ சிரித்தாள். அல்லது இருமினாள்.

"நல்லா ரோசன பண்ணி சொல்லு" என்றான்.

"நீ பலகைய வெச்சிக்கினு கீற. நீ சொல்றதுதான் சரி" என்றேன்.

பிறகு புலி தாண்டியது. அட்டையில் பேனா மூடி வைக்கும் சின்னச் சத்தம் எனக்குக் கேட்டது.

ஆடு மதகில்தான் இருந்தது. இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.